அந்த 2,600 ரூபாய்

“இதுல எதை எடுத்தா குறையும் சார்?” என்று கேட்டார் அந்தப் பல் மருத்துவர். தண்டையார்பேட்டை கிளினிக்கில், ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உட்காருவதற்குள். நான் கொண்டுபோயிருந்த இன்ஷூரன்ஸ் கோட்டேஷனின் கடைசி வரியைக் காட்டி, “வாராந்திரத் தொகையை எடுத்துடலாம் டாக்டர், 2,600 ரூபா குறையும்” என்றேன். சரி என்று தலையாட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அது 50 லட்சத்துக்கான பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. இறப்பு, நிரந்தர முழு இயலாமை, நிரந்தரப் பகுதி இயலாமை ஆகியவற்றுக்கான தொகையோடு, குணமாகும்வரை வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வாராவாரம் பணம். அந்தக் கடைசிப் பகுதி அவருக்கு வாரம் 10,000, அதிகபட்சம் 100 வாரம். கிளினிக் வாடகை, உதவியாளர் சம்பளம், நோயாளி உட்காரும் டென்டல் சேர் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை எல்லாம் கூட்டினால் வாரச் செலவே அதைத் தாண்டும். போதாத தொகைக்கு எதற்குப் பிரீமியம், ஆறு மாதச் செலவை வங்கியில் தனியாகச் சேர்த்து வைத்தால் போதும் என்பது என் கணக்கு. கணக்கில் தப்பில்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

எட்டு மாதம் கழித்து, கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப் போய் ஸ்கூட்டர் மணலில் சறுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தார். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்று கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் வேலையும் பார்த்திருக்கிறார். வலி விடாமல் மறுபடி எடுத்த படத்தில்தான் ஸ்காஃபாய்டு முறிந்திருப்பது தெரிந்தது. கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டில் இருக்கும் சின்ன எலும்பு. ரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிவு கூடுவதற்கு நாளாகும். மாவுக்கட்டு, பிறகு பிசியோதெரபி. 14 வாரம், பல்லைக் குடையும் ஏர்-ரோட்டாரைப் பிடிக்க முடியவில்லை.

பாலிசி ஒரு ரூபாய் தரவில்லை. தரவும் தராது. பகுதி இயலாமைக்கு ஓர் அட்டவணை உண்டு. கட்டைவிரல் முழுதாகப் போனால் காப்புத் தொகையில் 25 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 10, அதில் ஒரு கணு மட்டும் என்றால் 4. முறிந்து, கூடி, பழையபடி ஆகிவிட்ட எலும்புக்கு அதில் இடமே இல்லை. கையை நம்பிப் பிழைக்கும் மருத்துவருக்கு விரல் போவதைவிட எலும்பு முறிவதுதான் சுலபமாக நேரும். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த வரி இருந்திருந்தால் 1,40,000 வந்திருக்கும். வேலை பார்த்த ஒன்பது நாள் மட்டும் கணக்கில் சேராது.

மாவுக்கட்டோடு இருந்தபோது போனில் கேட்டார். “அமெரிக்காவுல எங்க அக்கா ஏதோ ஓன் ஆக்குபேஷன் பாலிசி வச்சிருக்காங்க சார். நம்ம வேலையை நாம செய்ய முடியலைன்னாலே பணம் வருமாமே?” உண்மைதான். அங்கே அந்தப் பாலிசி இருந்தால், கத்தி பிடிக்க முடியாத சர்ஜன் கல்லூரியில் பாடம் எடுத்தாலும் பணம் வரும். இங்கே நிரந்தர முழு இயலாமை என்றால் பெரும்பாலும் எந்த வேலையுமே செய்ய முடியாத நிலை. ஆனால் அங்கும் பணம் வரத் தொடங்குவதற்கு முன் காத்திருப்புக் காலம் பொதுவாக 90 நாள். அதை 180 நாளாக்கித்தான் பலர் பிரீமியத்தைக் குறைக்கிறார்கள். 14 வாரம் என்பது 98 நாள். அந்தப் பாலிசி இருந்திருந்தாலும் எட்டு நாளுக்குத்தான் கிடைத்திருக்கும். அங்கும் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்று அவரிடம் அப்படியே சொன்னேன். கை கட்டிக் கிடப்பவரிடம் சொல்கிற பேச்சா அது?

அன்றைக்கே வெட்டுவதற்கு வேறு இடங்கள் இருந்தன. காருக்கும் ஸ்கூட்டருக்கும் வண்டி இன்ஷூரன்ஸோடு சேர்ந்து வரும், ஓட்டுகிற உரிமையாளருக்கான ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு தனித்தனியாகக் கட்டியிருந்தார். இறப்புக்கும் இயலாமைக்கும் சேர்த்து 15 லட்சத்துக்குக் குறையாமல், எந்த நேர விபத்துக்கும் பொருந்தும் 24 மணி நேரப் பாலிசி இருந்தால், அதைக் கட்ட வேண்டியதில்லை என்று 2019 முதல் விதி இருக்கிறது. வண்டி இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது எழுதிக் கொடுத்தால் போதும். இந்த 50 லட்சம் பாலிசிக்கே மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி. காப்புத் தொகையை 50-லிருந்து 40 லட்சமாக்கியிருந்தாலும் வாராந்திரத் தொகை தப்பித்திருக்கும். வருமானச் சான்றிலும் சிக்கல் வந்திருக்காது. வரிக் கணக்கில் காட்டாத ஃபீஸுக்கு வாராந்திரத் தொகை கேட்க முடியாது என்று பலரிடம் மன்றாடியிருக்கிறேன், இவர் 300 ரூபாய்க்கும் ரசீது போடுகிறவர். இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரம் வேண்டும். நோயாளி காத்திருந்தார், நான் சுலபமான வரியைக் காட்டிவிட்டேன்.

சேர்த்து வைக்கச் சொன்ன ஆறு மாதச் செலவும் சேரவில்லை, அந்தப் பணம் புது எக்ஸ்ரே கருவிக்குப் போயிருந்தது. அது என் பொறுப்பா? சேர்ந்ததா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். ஆனால் சேர்ந்திருந்தால் என் யோசனைதான் சரி. இதுவும் உண்மை.

இந்த வருட ரினியூவலுக்கு அந்த வரியை மறுபடி சேர்க்க மனு போட்டோம். பழைய முறிவை மறைக்காமல் எழுதி, இரண்டு எக்ஸ்ரேக்களையும் வைத்தோம். வாராந்திரத் தொகை தருகிறோம், வலது மணிக்கட்டு நீங்கலாக என்று பதில் வந்திருக்கிறது.

“அப்போ இதுக்கு எதுக்கு சார் 2,600?” என்று கேட்டார் டாக்டர். இடது கை, கால், முதுகு என்று எண்ணிச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கோட்டேஷனை மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். இன்னும் பதில் வரவில்லை.