இலவசப் பாடம்

2024 ஐப்பசி (ஒக்டோபர்) 14, திங்கள்

தம்பி இன்று மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடநெறியில் பதிந்திருக்கிறான். பைத்தன் என்ற கணினி மொழி. காசும் கேட்கவில்லை, கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோரும் கேட்கவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்று கம்பஸைத் தவறவிட்டவன் அவன். "மொரட்டுவையோ?" என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். எங்கள் மூதூரில் அந்தப் பெயருக்கு உள்ள மதிப்பே தனி.

ஐப்பசி 16

லப்டொப் இல்லை, போனில்தான் எழுதுகிறான். பைத்தனில் வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. நாலு விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டால் போச்சு. போன் திரையிலோ நீள வரி தானாக மடிந்து விழுகிறது. எது புது வரி, எது மடிந்த வரி என்றே பிடிபடாது.

"அக்கா, இதிலை ஒரு பிழையும் இல்லையே, ஏன் ஓடுதில்லை?"

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வெற்றிடத்தைத் தேடினோம்.

ஐப்பசி 20, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. 2020 ஞாபகம் வந்தது. அந்தப் பங்குனியில் பல்கலைக்கழகங்களை மூடியபோது நான் கம்பஸில் இரண்டாம் வருடம். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக நடக்கும் சூம் வகுப்புக்கு டேட்டா வெட்டாது என்றார்கள், உண்மையாகவே வெட்டவில்லை. அது இல்லாவிட்டால் நான் பட்டம் முடித்திருக்க மாட்டேன், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் லெக்சர் நடுவே "இந்த யூடியூப்பைப் பாருங்கோ" என்று ஓர் இணைப்பு வரும். அது இலவசக் கணக்கில் சேராது. ஒரு வீடியோவோடு அம்மா போட்ட ரீலோட் காலி.

சிக்னல் கிணற்றுக்கட்டில்தான். மைக்கைத் திறந்தால் முதலில் பதில் சொல்வது எங்கள் சேவல். கமராவைப் போடச் சொன்ன நாளில் பின்னால் தெரிந்த தகர வேலிக்கு அம்மாவின் சீலையைக் கட்டிவிட்டேன்.

ஐப்பசி 24

வேறொரு வெளிநாட்டுத் தளம். பாடம் பார்ப்பது சும்மா, சான்றிதழுக்கு 49 டொலர். வங்கி அட்டையும் வேண்டும். நிதியுதவி கேட்கலாம், ஏன் வேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டுமாம்.

"கஷ்டத்தைச் சொல்லவும் நல்ல இங்கிலீசு வேணுமோ?" என்றான். சிரித்தேன். அப்புறம் நானே எழுதிக் கொடுத்தேன். வீட்டு வருமானத்தை டொலரில் நிரப்பும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது.

ஐப்பசி 31, தீபாவளி

கிண்ணியாவிலிருந்து தம்பியின் சிநேகிதன் பலகாரம் சாப்பிட வந்தான், கையில் லப்டொப்போடு. அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு முதல் போக வேண்டுமாம். இரண்டு கிழமையாக ஓடாத பயிற்சி பத்தே நிமிடத்தில் ஓடியது. முறுக்குத் தட்டு தொடாமல் கிடக்கிறது. ஐந்தேகால் ஆகிவிட்டது, தம்பி நாலாம் பாடத்தைத் திறந்துவிட்டான்.

"இன்னும் இருபது நிமிசம், மச்சான்."