மூன்று கேமராவும் 540 மணி நேரமும்

ஸ்பெயின் நாட்டு இயக்குநர் ஆல்பெர்ட் செர்ரா மூன்று கேமராக்களை ஒன்றாக ஓடவிட்டு வேலை செய்யும் விதத்தைக் கேள்விப்பட்டு, குறைந்த காசில் படமெடுக்க இதுதான் வழி என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. படப்பிடிப்பில் மிச்சம் பிடித்ததை எடிட்டிங் வாங்கிக்கொண்டுவிடும்.

செர்ரா 1975-ல் கட்டலோனியாவின் பன்யோலெஸ் ஊரில் பிறந்தவர். படித்தது சினிமா அல்ல, இலக்கியம். 2006-ல் கான் திரைப்பட விழா வரை போன அவருடைய டான் கிஹோத்தே படத்தில் தொழில்முறை நடிகர்கள் இல்லை. தயாரிப்பு நிறுவனமும் அவருடையதுதான் என்பதால், 'சீக்கிரம் முடியுங்கள்' என்று தலைமேல் நிற்க ஆளில்லை.

2022-ல் வெளிவந்த 'பசிஃபிக்‌ஷன்' படத்துக்கு மூன்று சிறிய டிஜிட்டல் கேமராக்கள் ஒன்றாக ஓடின. எது குளோஸப்பில் பிடிக்கிறது, எது தூரத்திலிருந்து பார்க்கிறது என்று நடிகருக்குத் தெரியாது. லென்ஸைப் பார்த்து நடிக்கும் பழக்கம் அங்கேயே அறுந்துவிடும். செர்ரா மானிட்டர் பக்கம் போவதில்லை. காதில் செருகிய கருவி வழியாக அந்த நொடியில் வசனம் கொடுப்பதும் உண்டு.

சிக்கல்கள் இங்கேதான். ஒரு கோணத்துக்கு வைத்த விளக்கு மற்ற இரண்டைக் கெடுக்கும். ஆகவே இருக்கிற வெளிச்சத்தையே பெரிதும் நம்ப வேண்டும். இடம் முழுவதையும் காட்டும் வைட் ஷாட் ஓடும்போது பூம் மைக்கை (நீளக் கம்பில் பிடிக்கும் மைக்) அருகே கொண்டுபோக முடியாது, சட்டைக்குள் மைக் வைத்தால் துணி உரசும். மூன்று கேமராவிலும் டைம்கோட் (ஒவ்வொரு ஃபிரேமிலும் பதியும் நேரக் குறியீடு) பொருந்தாவிட்டால் ஒலியைச் சேர்ப்பதற்குள் உதவி எடிட்டர் நொந்துபோவார்.

அந்தப் படத்துக்குச் சேர்ந்த ஃபுட்டேஜ் சுமார் 540 மணி நேரம். முடிந்த படம் 165 நிமிடம். தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒருமுறை பார்த்து முடிக்கவே 68 நாள். விநாடிக்கு 60 மெகாபைட் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 117 டெராபைட்; பாதுகாப்புக்கு இன்னொரு பிரதி எடுத்தால் இரட்டிப்பு. பட்ஜெட் போடும்போது பலர் விட்டுவிடுவது இந்த ஹார்டு டிஸ்க் செலவைத்தான்.

இவ்வளவையும் தாங்கக் காரணம், எடிட்டிங்கில் செர்ராவுடன் உட்காருபவர்களில் ஒளிப்பதிவாளர் ஆர்தூர் தோர்த்தும் ஒருவர். இந்தப் படத்துக்காக 2023-ல் ஒளிப்பதிவுக்கான செசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருதை வாங்கியவர். 2024-ல் ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கச் சிப்பியை வென்ற காளைச்சண்டை ஆவணப்படத்தையும் இருவருமே தொகுத்தார்கள். எங்கே என்ன பதிவாகியிருக்கிறது என்பது படமெடுத்தவருக்கே நினைவிருந்தால் தேடும் நேரம் பெருமளவு குறையும். வெளியாளிடம் கொடுப்பதானால், அன்றன்றைக்கே காட்சிக் குறிப்பு எழுத ஒருவரைத் தனியாக வைத்தே ஆக வேண்டும்.