துணி நட்சத்திரமும் மாவிலைத் தோரணமும்: கிருஷ்ணகிரி தையல் நாட்குறிப்பு

டிசம்பர் 1

துணி எடுக்கும் நாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குச் சிவப்பும் வெள்ளையும், பொங்கல் தோரணத்துக்கு மாவிலைப் பச்சை. எல்லாவற்றுக்கும் காட்டன் பாப்ளின்தான் சரி. டெய்லர் கடை வெட்டுத்துண்டுகளில் சாட்டின் நிறையக் கிடைக்கும், மினுமினுப்பாகவும் இருக்கும். ஆனால் ஓரம் பிசிறு பிசிறாகப் பிரியும்; பஞ்சு அடைக்கும்போது தையல் வாய் பிளந்துவிடும். சாட்டின்தான் வேண்டும் என்றால் பின்பக்கம் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

சிவப்பைத் தனியாக நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கவும். சாயம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். எலத்தகிரி, கோவிலூர்ப் பக்கம் வாசலில் தொங்கப்போகும் நட்சத்திரம் மார்கழிப் பனியில் நனையாமல் இருக்காது. அப்போது சிவப்பு வெள்ளையில் இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

டிசம்பர் 4

அட்டையில் நட்சத்திரம் வரைய கோணமானி தேவையில்லை. 7 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். காம்பஸை 8.2 செ.மீ. விரித்து வட்டத்தின் மேல் வரிசையாகக் குறித்தால் ஐந்து முனையும் சம இடைவெளியில் விழும். இரு முனைகளுக்கு நடுவே வரும் உள்மூலைகளுக்கு அதே மையத்தில் 3.5 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம். கோடுகளைக் குறுக்கே இழுத்து வரையும் வழக்கமான நட்சத்திரத்தில் உள்வட்டம் 2.7 செ.மீ.தான் வரும், கால்கள் ஒல்லியாகி, பஞ்சு போகாது. சுவரில் ஒட்டும் காகித நட்சத்திரத்துக்கு அது அழகு, துணிக்கு ஆகாது.

டிசம்பர் 5

முதலில் வெட்டிவிட்டுத் தைப்பதுதான் பழக்கம். சிறிய உருப்படிக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே பார்க்கும்படி துணியை மடித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு, கோட்டின் மேலேயே தைத்துவிட்டு, பிறகு கால் இஞ்ச் விட்டு வெட்டவும். துணி நகராது, ஐந்து காலும் ஒரே மாதிரி வரும்.

தொங்கவிடும் ரிப்பன் 15 செ.மீ.; மடித்து, வளையம் உள்நோக்கி இருக்க ஒரு முனையில் வைத்துக் குண்டூசி குத்தவும். வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திருப்பியபின் நட்சத்திரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். தையல் நீளம் 2 மி.மீ.; உள்மூலைக்கு முன்னும் பின்னும் ஒரு செ.மீ. தூரத்துக்கு இன்னும் நெருக்கமாக. முனையில் ஊசியை நிறுத்திச் சட்டென்று திருப்பாமல், குறுக்கே இரண்டு தையல் போட்டுத் திரும்பவும். துணி மடங்க இடம் கிடைப்பதால் முனை இப்படித்தான் கூராக நிற்கும். திருப்புவதற்கான வாய் 4 செ.மீ., நேர் ஓரத்தில் மட்டும். வாயின் இரு பக்கமும் ரிவர்ஸ் தையல் அவசியம். ரிவர்ஸ் இல்லாத பழைய மிஷினில் துணியையே திருப்பிவைத்து நாலு தையல் ஓட்டலாம்.

இனி கத்தரிக்கோல். முனைகளை நறுக்கிவிட்டு, ஒவ்வொரு உள்மூலையிலும் தையலுக்கு ஒரு மி.மீ. முன்புவரை வெட்டு கொடுக்கவும். இந்த வெட்டு ஆழம் குறைந்தால் அங்கே சுருக்கம் விழும். எவ்வளவு பஞ்சு திணித்தாலும் அந்தச் சுருக்கம் போகாது. நட்சத்திரத்தின் வடிவம் இங்கேதான் முடிவாகிறது.

டிசம்பர் 8

பாலியஸ்டர் பஞ்சு 100 கிராமில் இந்த அளவு நட்சத்திரம் சுமார் 12 அடைக்கலாம். பிய்த்துப் பிய்த்து, கால்களை முதலில், நடுவைக் கடைசியில். இலவம் பஞ்சு வழுக்கும் இழை. நெசவு இறுக்கமில்லாத துணியில் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், உள்ளே கவர் தைத்தால்தான் நிற்கும். தையல் குப்பைத் துண்டுகளை அடைத்தால் கட்டி கட்டியாகத் தெரியும்.

டிசம்பர் 12

பட்டுக்கூட்டுப் பூ. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் நல்ல கூட்டை இதற்கு வீணாக்க வேண்டாம். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு போதும். இழை அறுந்துபோனதால் நீளப் பட்டிழை உரித்தெடுப்பவர்களுக்கு அது பயன்படாது. துளைப் பக்கத்திலிருந்து பாதி ஆழத்துக்கு ஐந்து வெட்டு போட்டு, இதழ்களை விரல்நகத்தால் வெளியே மடித்தால் பூ. உள்ளே கிடக்கும் புழுத்தோலைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு வரும். கொதிநீரில் போடக் கூடாது: கூட்டை விறைப்பாக வைத்திருக்கும் பசை இளகி, பூ தொங்கிவிடும். மஞ்சள் கூட்டின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பசையில்தான் இருக்கிறது, அதுவும் கூடவே போகும்.

ஜனவரி 3

தோரணம். உண்மையான மாவிலையையே அட்டைமேல் வைத்து வரையவும், 14 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், காம்புப் பக்கம் 2.5 செ.மீ. நேராக. தையல் இடத்தோடு 6 × 15 செ.மீ. ஆகும். 90 செ.மீ. அகலப் பாப்ளின் ஒரு மீட்டரில் 90 துண்டு, அதாவது இலைக்கு இரண்டு துண்டாக 45 இலை. மூன்றடி வாசலுக்கு 9 செ.மீ. இடைவெளியில் 11 இலை. ஒற்றைப்படையாக இருந்தால் நடுவில் ஓர் இலை நிற்கும். ஆக ஒரு மீட்டரில் நான்கு வாசல் முடியும்.

இலைக்குப் பஞ்சு வேண்டாம், ஒரு பக்கம் கேன்வாஸ் போதும். திருப்பி இஸ்திரி போட்டபின் இளம்பச்சை நூலில் நடுநரம்பு ஒரு தையல். நாடா 140 செ.மீ., நெட்டுவாக்கில் வெட்டியதாக; கிராஸாக வெட்டினால் இலைகளின் கனத்துக்கு இழுபட்டு நடுவில் தொய்யும்.

ஜனவரி 9

இலைகளுக்கு நடுவே பெங்களூரா மாங்காய். நம்மூர் மாங்காய் என்று தெரிய அந்தக் கிளிமூக்கு வந்தே ஆக வேண்டும். மூக்குக்குக் கீழே உள்வளைவில் நேர்வெட்டு, 5 மி.மீ.க்கு ஒன்று. முதுகு வெளிவளைவில் நேர்வெட்டு பயன்படாது. திருப்பும்போது துணி ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அதனால் முக்கோணமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். மூக்கு நுனிக்குப் பஞ்சை மழுங்கிய குச்சியால் தள்ளவும். கத்தரிக்கோல் முனையால் தள்ளினால் தையலே கிழியும்.

ஜனவரி 18

கழற்றியதும் பெட்டியில் போடக் கூடாது. பனி ஈரம் பஞ்சுக்குள் இருக்கும், கரும்புள்ளி பூக்கும். ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைத்து, நட்சத்திரங்களைப் பழைய வேட்டியில் தளர்வாகச் சுற்றவும். தோரணத்தை மடிக்காமல் அட்டைக் குழலில் சுருட்டினால் கேன்வாஸில் மடிப்பு விழாது.