சொப்பு மூடி

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பெட்டியில் திணித்தவை மூன்று: கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய், மகளுக்கு விளையாட ஒரு செட் அம்பை (அம்பாசமுத்திரம்) மரச் சொப்புச் சாமான். அப்பளம் ஒரு மாதத்தில் தீர்ந்தது. கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் எங்கள் பேஸ்மெண்ட்டின் சில்லென்ற தரைக்குப் பாய் ஆகவில்லை, சுருட்டி வைத்துவிட்டோம். சொப்பு மட்டும் தினமும் புழங்கியது.

ஜனவரியில் ஒரு ராத்திரி ‘டக்’ என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் சொப்புக் குடம் வாயிலிருந்து அடிவரை விரிந்து கிடக்கிறது. இட்லிக் கொப்பரை மூடி ஊரில் ‘ப்ளக்’ என்று இறுக்கமாகக் கழலும், இப்போது லொடலொடவென்று ஆடுகிறது. மகள் அழுதாள். நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

மாமா அம்பாசமுத்திரத்தில் கடைசல் பட்டறையில் முப்பது வருஷம் உளி பிடித்தவர். பச்சை மரத்தில் கடைந்து நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று குறை சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டு, “மருமவனே, பொரிச்ச அப்பளத்தைத் திறந்து வெச்சா ஒங்க வீட்ல நமத்துப் போவுமா?” என்றார்.

“இல்ல மாமா, ரெண்டு நாளானாலும் மொறுமொறுன்னுதான் இருக்கு.”

“அப்போ மரம் மட்டும் என்ன செய்யும்?”

அன்று சாயங்காலமே காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். 24 சதவீதம் காட்டியது. வெளியே உறைகிற காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் இப்படித்தான் வறண்டு போகும். நம் உதடு வெடிப்பதும் இதனால்தான். 25 சதவீத ஈரமுள்ள காற்றில் கிடக்கும் மரம், தன்னிடம் 5 சதவீதம் ஈரத்தைத்தான் வைத்துக்கொள்ளும். 80 சதவீதம் என்றால் 16 வரை வைத்துக்கொள்ளும். அம்பையில் நன்றாகக் காய்ந்த மரம் என் வீட்டுக்குப் பாதிப் பச்சை. மரம் காய்ந்துவிட்டதா என்று மொட்டையாகக் கேட்பதில் அர்த்தமில்லை, எந்த ஊர்க் காற்றுக்குக் காய்ந்தது என்று கேட்க வேண்டும். மாமாவை மனதுக்குள் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

சரி, நாமே இந்த ஊர் மரத்தில் ஒரு மூடி கடைந்து பார்ப்போமே என்று அங்கேதான் ஆரம்பித்தது. மரம் கடையும் பழைய சின்ன லேத் ஒன்று மலிவாகக் கிடைத்தது. கராஜில் ஒரு மூலையை வீட்டுக்காரர் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மரத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆஷ் மரங்களைத் தெருத்தெருவாக வெட்டினார்கள். 2002இல் இதே ஒன்டாரியோ மாகாணத்தின் விண்ட்ஸர் பக்கம் முதலில் தென்பட்ட ஒரு பச்சை வண்டு செய்த வேலை. அந்தக் கட்டைகளை நினைத்த இடத்துக்கு ஏற்றிப் போகக் கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. எனக்கு வாய்த்தது மானிட்டோபா மேப்பிள். பின்பக்கத்து வீட்டில் மே மாதம் சாய்த்தார்கள். அறுத்த முகத்தில் செம்பருத்திச் சாறு தெளித்த மாதிரி சிவப்பு. ஐந்து கட்டைகளை உருட்டி வந்தேன்.

“தம்பி, உந்தக் குத்தியளை என்ன செய்யப் போறீர்?” என்றார் அண்ணை.

“காயவைக்கணும் அண்ணை.”

காயவைப்பது என்றால் வெயிலில் போடுவது. வத்தலும் வடகமும் போட்டு வளர்ந்த புத்தி, வேறு எப்படி யோசிக்கும்? ஒரே வாரத்தில் ஐந்தும் வெள்ளரிப்பழம் மாதிரி நடுவிலிருந்து வெடித்துவிட்டன.

அப்புறம்தான் பட்டறைக்குப் பின்னால் இருந்த பனையோலைச் சாய்ப்பு நினைவுக்கு வந்தது. மஞ்சக்கடம்புக் கட்டைகளை இரண்டு தலையிலும் சாணி அப்பி, செங்கல் மேல் தூக்கி, இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கியிருப்பார் மாமா. காற்று புக வேண்டும், வெயில் படக்கூடாது. சாணி திருஷ்டிக்கு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பப்பாளிக் காம்புகளைச் சேர்த்துக் கட்டினது போலத்தான் மரம், அத்தனையும் குழாய். அறுத்த முகம் வழியாக, பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக ஈரம் ஓடும். முனை முந்திச் சுருங்கும், உள்ளே சுருங்காது, அந்த இழுபறியில் பிளக்கும். சாணி அந்தக் குழாய்களின் வாயை அடைக்கிறது.

ஸ்கார்பரோவில் சாணிக்கு எங்கே போக? வீட்டில் மிஞ்சிய பெயிண்டை இரண்டு கோட் அடித்தேன். இப்போது மெழுகு உருக்கித் தடவுகிறேன், அது இன்னும் மேல். கட்டையை முழுசாக வைப்பதும் தப்பு. மேப்பிள் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், மையத்திலிருந்து பட்டையை நோக்கி அதில் பாதிதான். இரண்டும் ஒத்துப்போகாததால் உருளைக் கட்டை எங்காவது வெடித்தே தீரும். வெட்டிய அன்றே நட்டநடு மையத்தோடு இரண்டாகப் பிளந்து, மையத்தை எடுத்துவிட வேண்டும். தேக்கு வளையப் போக்கிலேயே 6 சதவீதத்தைத் தொடாது. ஊரில் கதவுக்கு ஏன் தேக்கு தேடுகிறார்கள் என்பது எனக்குக் கனடாவில் வந்துதான் புரிந்தது.

இப்படி எல்லாம் ஒப்பேற்றி, அடுத்த மரத்தில் பத்து அங்குலக் கிண்ணம் ஒன்றைப் பச்சையாகவே கடைந்தேன். சுவர் ஒரு அங்குலம் தடிமன், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. கடையும்போது முகத்தில் தண்ணீர் தெறித்தது, அவ்வளவு பச்சை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தேன். பத்து நாளில் பூசணம் பூத்தது. துடைத்துவிட்டுக் காகிதப் பைக்கு மாற்றினேன். சனிக்கிழமைதோறும் மனைவியின் சமையல் தராசில் நிறுத்து, எடையைப் பையிலேயே எழுதுவேன். முதல் வாரம் 1,480 கிராம். அப்புறம் 1,390, 1,310. “பிள்ளைக்குக்கூட இப்படி எடை பாக்கலை நீங்க” என்றாள். ஐந்தாம் மாதம் 965இல் நின்று, மூன்று வாரம் அசையவில்லை. கிண்ணம் முட்டை வடிவத்துக்குக் கோணியிருந்தது. தடிமன் விட்டது அதற்குத்தான், திரும்ப லேத்தில் ஏற்றி வட்டமாக்கலாம்.

மாமாவுக்குத் தராசு கிடையாது. இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார், ‘தொப்’ என்றால் பச்சை, ‘ணங்’ என்றால் காய்ந்தது. சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைப்பார், குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நானும் வைத்துப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் கராஜில் என் கன்னத்துக்கு எல்லாமே குளிர்ந்துதான் கிடந்தது.

போன ஐப்பசியில் ஊருக்குப் போனோம். பிப்ரவரியில் கடைந்த மேப்பிள் குங்குமச் சிமிழ் ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுபோயிருந்தேன். மூடி ‘ப்ளக்’ என்று கழலும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அடைமழை. தாமிரபரணியில் செந்தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் சிமிழ் திறக்கவில்லை. நான் முறுக்கினேன், மச்சான் முறுக்கினான், ம்ஹூம். மாமா வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தார், விரலால் விளிம்பைத் தடவினார்.

“வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அங்கத்திக் காத்துக்குக் கடைஞ்சிருக்கே. ஊதிப் போச்சு. தையில தானா வரும்.”

“தை வரைக்கும் குங்குமத்துக்கு எங்கே போறது?” என்று அம்மா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அரிவாள்மணை இருந்தது.