கடன் வாங்கிப் பேய் வளர்த்தவர்

ஆகஸ்ட் டெர்லெத் எழுதிய பேய்க்கதைகளில் முக்கால்வாசி சுமார் ரகம். அவருடைய ரசிகர்களே இதற்குச் சண்டைக்கு வரமாட்டார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1909ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சாக் சிட்டி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1926ல் 'வியர்டு டேல்ஸ்' பத்திரிகையில் முதல் கதை வந்தபோது வயது 17. அப்புறம் 1971ல் சாகும்வரை பேனாவை வைக்கவே இல்லை. நூறு புத்தகங்களுக்கு மேல் தேறும். ஷெர்லக் ஹோம்ஸ் சாயலில் சோலார் போன்ஸ் என்று ஒரு துப்பறிவாளர், கவிதைகள், சொந்த ஊரை வைத்து ஒரு நீண்ட நாவல் வரிசை. தன் பெயர் நிற்கப்போவது அந்த ஊர்க்கதைகளால்தான் என்று நம்பினார், பேய்க்கதை எல்லாம் அடுப்பெரிய. இன்றைக்கு அந்த ஊர்க்கதைகளைத் தேடிப் படிப்பவர்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் எடிட்டர் டெர்லெத் வேறு ஆள்.

பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் ஹாரர் அலமாரியைக் கிளறிப் பழக்கமுள்ளவர்களுக்கு லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்கப் பேய்க்கதை எழுத்தாளரைத் தெரிந்திருக்கும். அந்த மனிதர் 1937ல் 46 வயதில் இறந்தபோது அவர் பெயரில் உருப்படியாக ஒரு புத்தகம் கிடையாது. முந்தின வருஷம் ஒரு சின்னப் பதிப்பகம் ஒரு கதையை மட்டும் நூலாகப் போட்டிருந்தது, அதிலும் அச்சுப்பிழை மண்டிக் கிடந்தது. மற்றதெல்லாம் மலிவுத் தாள் பத்திரிகைகளில், பழைய பேப்பர்காரருக்குப் போகவேண்டிய நிலையில். டெர்லெத்தும் அவரும் பதினோரு வருஷம் கடிதம் எழுதிக்கொண்டவர்கள், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. டெர்லெத் தன் நண்பர் டொனால்ட் வாண்ட்ரேயோடு சேர்ந்து லவ்கிராஃப்டின் கதைகளைத் தொகுத்துப் பெரிய பதிப்பகங்களுக்கு அனுப்பினார், யாரும் சீந்தவில்லை. சரி, நாமே போடுவோம் என்று 1939ல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். வீடு கட்ட டெர்லெத் வங்கியில் வாங்கிய கடனில் ஒரு பகுதி அச்சுக்கூலிக்குப் போனது. அந்த லவ்கிராஃப்ட் தொகுப்பு 1268 பிரதிகள், கெட்டி அட்டை, விலை 5 டாலர். அந்தக் காலத்துக்கு அது அநியாய விலை. விற்றுத் தீர நாலு வருஷம் ஆனது. இன்றைக்கு அதில் ஒரு பிரதி பழைய புத்தகச் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது என்பது வேறு விஷயம், டெர்லெத் கடைசிவரை கையைக் கடித்துக்கொண்டுதான் பதிப்பகம் நடத்தினார். ரே பிராட்பரி, ராபர்ட் பிளாக், ஃப்ரிட்ஸ் லைபர் மூன்று பேருக்கும் முதல் புத்தகம் போட்டது அங்கேதான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அவர் எழுதிய ஒரு கடிதம். 1961ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்து ராம்சி கேம்ப்பெல் என்ற 15 வயதுப் பையன் கதைகளை அனுப்புகிறான். எல்லாம் லவ்கிராஃப்ட் பாணி, எல்லாம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடக்கின்றன. பையன் அந்தப் பக்கம் போனதே இல்லை. டெர்லெத் குப்பையில் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்த ஊரை விடு, இங்கிலாந்திலேயே இடம் பிடி என்று விவரமாகத் திருத்தம் சொல்லி எழுதினார். பையன் தன் நாட்டிலேயே பிரிச்செஸ்டர் என்று ஒரு ஊரைக் கற்பனையில் கட்டினான். 1964ல் முதல் தொகுப்பு ஆர்க்கம் ஹவுஸில் வந்தது, வயது 18. இன்று பிரிட்டிஷ் ஹாரரில் அவர் பெயரைத் தாண்டி யாரும் போகமுடியாது.

நண்பன் ஒருவன் அல்சூரில் இருந்துகொண்டு சின்னதாக ஒரு தமிழ் இதழ் நடத்துகிறான், வருகிற பேய்க்கதைகளை என்னிடம் தள்ளிவிடுவான். எழுதுகிறவர்கள் எல்லாம் பெங்களூர்ப் பிள்ளைகள். கதையோ கொடைக்கானல் பங்களாவில், பனிமூட்டத்தில், இருமிக்கொண்டே லாந்தர் தூக்கிவரும் வாட்ச்மேனோடு. இத்தனைக்கும் நம் ஊருக்கென்றே தொண்ணூறுகளில் ஒரு பேய் இருந்தது. ராத்திரி தெரிந்தவர் குரலில் கதவைத் தட்டும், கதவில் 'நாளே பா', அதாவது நாளைக்கு வா, என்று எழுதியிருந்தால் படித்துவிட்டுத் திரும்பிப் போகும். ஸ்ரீராமபுரத்தில் எங்கள் அத்தை அதைக் கன்னடத்தில் எழுதிவைத்தார், தமிழில் எழுதினால் பேய்க்குப் படிக்கத் தெரியாமல் உள்ளே வந்துவிடும் என்று. இப்படி ஒரு அத்தையை வைத்துக்கொண்டு எதற்குக் கொடைக்கானல் போகவேண்டும்?

டெர்லெத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். லவ்கிராஃப்ட் விட்டுப்போன துண்டுக் குறிப்புகளை எடுத்து, தானே முழுக்கதையாக எழுதி, இருவரும் சேர்ந்து எழுதியது என்று போட்டு விற்றார். 1945ல் வந்த ஒரு நாவலில் சுமார் 50,000 சொற்களில் லவ்கிராஃப்டுடையது 1,200 தேறினால் அதிகம். எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை லவ்கிராஃப்ட் கொடுத்துவிட்டுப் போனது ராபர்ட் பார்லோ என்ற 18 வயதுப் பையனிடம், அவனை ஓரங்கட்டியதும் நடந்தது. இதழ் நடத்தும் நண்பனிடம் டெர்லெத் பெயரை எடுத்தாலே, "செத்தவன் பேரை அட்டையில போட்டு விக்கிறது திருட்டு இல்லாம என்னடா?" என்பான். திருட்டோ இல்லையோ, அழகான வேலை இல்லை என்று ஒத்துக்கொள்வேன்.

என் கோபம் வேறு இடத்தில். லவ்கிராஃப்டின் பயங்கரம் எதில் இருக்கிறது என்றால், அவர் கதைகளில் வரும் ராட்சதங்களுக்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை, நல்லதும் கிடையாது கெட்டதும் கிடையாது. டெர்லெத் அதில் நல்ல கடவுள், கெட்ட கடவுள் என்று கட்சி பிரித்தார், நீருக்கு ஒன்று காற்றுக்கு ஒன்று என்று இலாகா ஒதுக்கினார். விளக்கிவிட்டால் பயம் போச்சு. கேம்ப்பெலுக்கு அவ்வளவு சரியாக வழி சொன்னவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சமே இல்லை. மாத நாவல்கள் வண்டிவண்டியாக வந்தன. அவற்றில் கொஞ்சத்தைத் தொகுத்து 2008ல் சென்னைப் பதிப்பகம் ஒன்று நல்ல புத்தகமாகவே போட்டது, ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்பில். நம்மிடம் பிழை திருத்துபவர் உண்டு, பக்கம் கட்டுபவர் உண்டு. ஊரை மாற்று, இந்தப் பத்தி வேண்டாம் என்று கடிதம் எழுதுகிற ஆள்தான் அபூர்வம். எழுதுகிறவருக்குத் தன் பேய் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும், பயமாக இருக்கிறதா இல்லையா என்று இன்னொருவர்தான் சொல்லமுடியும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் பிஜி விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண்ணும் கொடைக்கானல் பங்களாதான் அனுப்பியிருந்தார். உங்கள் அறையில் வேறு யார் யார் தூங்குகிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதினேன். கதை மாறி வந்தது. மூன்று பேர் வாடகை கொடுக்கும் அறையில் நாலாவது கட்டில், அதன் விரிப்பு மட்டும் தினமும் கசங்கியிருக்கிறது. படித்துவிட்டு எழுந்து லைட்டைப் போட்டேன். பிரச்சினை கடைசிப் பத்தி, அதில் அந்தக் கட்டிலின் பூர்வகதை முழுக்க வந்துவிடுகிறது. வெட்டச் சொன்னேன். "அது இல்லேன்னா யாருக்கும் புரியாதுண்ணா" என்கிறார். இதழ் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, பேசிப் பார்க்கவேண்டும்.