முப்பது நாள்

ஜூன் 2
கிணற்று நீர் பற்றி ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்குப் பதில் வந்துவிட்டது. நிராகரிக்கவில்லை, 'மேஜர் ரிவிஷன்': நிறையத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். 30 நாள் கெடு. முதல் மதிப்பாய்வாளருக்கு நைட்ரேட் பற்றி நான்கு கேள்விகள். இரண்டாமவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: ஆங்கிலம் புரியவில்லை, திருத்தி அனுப்பவும். நான்கு கேள்விகளும் மறந்துவிட்டன. அந்த ஒரு வரி மட்டும் நிற்கிறது.

ஜூன் 3
அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து: எட்டு, பன்னிரண்டு, நாலு, எட்டு.

ஜூன் 5
திருத்தித் தருபவர்கள் கேட்ட தொகை என் இரண்டு மாத உதவித்தொகை. அதுவே மார்ச்சிலிருந்து வரவில்லை. சரி, நானே உட்கார்ந்தேன்.

'டிடர்மினேஷன் ஆஃப் நைட்ரேட் கான்சன்ட்ரேஷன் வாஸ் கேரிட் அவுட் இன் 62 வெல் சாம்பிள்ஸ்.' நடந்தது என்ன? அளந்தோம். அந்த வினையைப் பெயராக்கிப் படுக்கவைத்துவிட்டு, அதைத் தூக்கிச் செல்ல 'கேரிட் அவுட்' என்று ஒரு சொத்தை வினையைக் கூலிக்குப் பிடித்திருக்கிறேன். 'வீ மெஷர்ட் நைட்ரேட் இன் 62 வெல்ஸ்.' பதினொரு சொல் ஆறாயிற்று.

கட்டுரை முழுக்கத் தேடினேன். 23 'கேரிட் அவுட்'.

ஜூன் 8
ஆய்வு வழிகாட்டி சார் எல்லா 'வீ'யையும் சிவப்பில் அடித்துவிட்டார். அறிவியலில் நான், நாங்கள் கிடையாதாம். டி.என்.ஏ. அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரையை அனுப்பினேன். 1953 ஏப்ரல் 25, நேச்சர் இதழ். முதல் வாக்கியமே 'வீ விஷ் டு சஜஸ்ட்' என்றுதான் தொடங்குகிறது.

"நீ வாட்சனா?" என்று பதில் வந்தது.

ஜூன் 9
கரண்ட் இல்லை.

ஜூன் 11
உதவித்தொகை பற்றிக் கடிதம்: 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்'. யார், எதை, எப்போது? பிரிட்டிஷ் நிதித்துறை தன் அதிகாரிகளின் எழுத்தைச் சீராக்க எர்னஸ்ட் கௌவர்ஸைக் கொண்டு 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்' என்ற நூலை எழுதவைத்தது 1948இல். நம்மிடம் விட்டுப்போனது அதற்கு முந்திய ஆங்கிலம்.

ஜூன் 13
அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். தமிழில் சொன்னேன்: மாதிரிகள் சேகரிக்கப்பட்டன, அளவிடப்பட்டன.

"தண்ணிய யாருடா மொண்டா?"

நான்தான். 62 கிணற்றிலும் வாளி இறக்கியது நான். கயிறு இழுத்து உள்ளங்கை உரிந்தது. தமிழில் 'அளந்தோம்' என்றால் வாலிலேயே 'ஓம்' என்று ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஆங்கிலத்தில் அவனை வெளியே தனியாக நிறுத்த வேண்டும், எனக்குக் கூச்சம். பள்ளியில் 'ஐ' என்று துணிந்து எழுதிய ஒரே இடம் லீவ் லெட்டர். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அதற்கும் காய்ச்சல் வரவேண்டியிருந்தது.

மாதிரிகள் 4 டிகிரியில் வைக்கப்பட்டன என்பதை மட்டும் அப்படியே விட்டேன். வைத்தது யாரென்று அங்கே யாருக்கும் வேண்டாம்.

ஜூன் 17
வாக்கியத்தின் கனம் கடைசியில் விழுகிறது. நான் கடைசியில் வைத்திருந்ததோ 'ஆஸ் மென்ஷன்ட் எபவ்'. இப்போது மாற்றிவிட்டேன்: தெரிந்த செய்தி முன்னால், புதியது பின்னால். 62இல் 19 கிணறுகளில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியது. தெளிவாக இருக்கிறது. தெளிவாக இருப்பதுதான் தொல்லை. அந்த 19இல் 41ஆம் எண்ணும் உண்டு.

ஜூன் 18
கேன் தண்ணீருக்குச் சொன்னேன். எதற்கு வீண் செலவு என்கிறாள் அம்மா. கொதிக்க வைத்துத் தருகிறாளாம். கொதித்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர்தான் சுண்டும். அதைச் சொல்லவில்லை. கண் ஆபரேஷன் ஆனவர்கள் கேன் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றேன். டாக்டர் சொன்னாராம்.

ஜூன் 24
சார் மூன்று 'வீ'யை விட்டுவைத்திருக்கிறார்.

ஜூன் 27
'கேரிட் அவுட்' இன்னும் இரண்டு. 41 பற்றிய வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலிலும் அது வெறும் எண்தான்.

ஜூன் 29
அம்மாவுக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது. மேசையில் கிடந்த வரைபடத்தை எடுத்தாள். புள்ளி புள்ளியாக விரலை நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது நம்ம தெருதானே?"