வாக்குக் கேட்டு நிற்கும் பிரதமர்

2025 செப்டம்பர் 8, திங்கள்

பிரான்ஸ் பிரதமர் பாய்ரூ விழுந்துவிட்டார். நம்பிக்கை வாக்கெடுப்பை யாரும் அவர்மேல் திணிக்கவில்லை. அவரே கேட்டு வாங்கியது. வாக்கெடுப்பு 4,400 கோடி யூரோ சிக்கனத் திட்டத்துக்காக, அதில் இரண்டு பொது விடுமுறைகளை ரத்து செய்வதும் அடக்கம். ஆதரவு 194, எதிர்ப்பு 364. ஐந்தாம் குடியரசில், அதாவது 1958 முதல் உள்ள ஆட்சிமுறையில், இப்படித் தோற்ற முதல் பிரதமர் இவர்தான். தோற்பது தெரிந்தே அவைக்கு வந்து நாட்டின் கடனைப் பற்றிப் பேசியதை மதிக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசிச் சேர்க்க வேண்டிய வாக்குகள் ஒரு நாள் உரையில் வந்துவிடாது.

செப்டம்பர் 9

லெகோர்னு. வயது 39, பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். 2024 ஜனவரி முதல் நான்காவது பிரதமர்.

அக்டோபர் 3

49.3-ஐத் தொடமாட்டேன் என்று லெகோர்னு அறிவித்திருக்கிறார். வாக்கெடுப்பே இல்லாமல் மசோதாவை நிறைவேற்ற வழிவிடும் அரசியல் சட்டப் பிரிவு அது. ஆட்சியைக் கவிழ்த்தால்தான் மசோதாவைத் தடுக்கலாம். முன்னாள் பிரதமர்களில் எலிசபெத் போர்ன் அதை 23 முறை பயன்படுத்தினார். பார்னியே 2024 டிசம்பரில் கையிலெடுத்து, இரண்டே நாளில் பதவியிழந்தார். லெகோர்னு செய்தது சரி.

அக்டோபர் 6

நேற்றிரவு அமைச்சர்கள் பட்டியல், இன்று மதியம் ராஜினாமாச் செய்தி! 27 நாள் பிரதமர். முன்னாள் நிதியமைச்சர் புருனோ லெ மேருக்குப் பாதுகாப்புத் துறை கொடுத்ததில் வலதுசாரிக் கட்சித் தலைவர் ரெத்தாயோவுக்குக் கோபம். அவையின் 577 இடங்களில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்சியும் தனக்கு இருப்பதுபோல் நடக்கிறது. லெகோர்னுவும் போகும்போது இதைத்தான் சொன்னார்.

அக்டோபர் 11, சனி

அதிபர் மக்ரோன் மறுபடி லெகோர்னுவையே நியமித்துவிட்டார். புதுச்சேரியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் எனக்கு முன்னாள் பிரெஞ்சுப் பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ் நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1954 ஜூனில் பொறுப்பேற்றபோது, ஜூலை 20-க்குள் இந்தோசீனப் போரை நிறுத்தாவிட்டால் விலகுவேன் என்று தனக்குத்தானே கெடு வைத்தார். ஜெனீவாவில் அந்த இரவே உடன்பாடு முடிந்தது. அவர் காலத்தில்தான் புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் எங்கள் ஊர் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. அடுத்த பிப்ரவரியில் அவையே அவரைக் கவிழ்த்தது. எட்டு மாதம்கூட முழுதாக இல்லை, இவ்வளவு வேலை!

அன்று ஆட்சியின் உண்மையான தலைவர் அவர். 1958 அரசியல் சட்டத்துக்குப் பிறகு பிரதமரை நியமிப்பது அதிபர், வெளியுறவில் முன்னிற்பதும் அதிபர். பட்ஜெட்டுக்காக அவையில் அடிவாங்குவது மட்டும் பிரதமர். இந்தப் பங்கீடு நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அக்டோபர் 16

லெகோர்னு தப்பித்தார். கவிழ்க்க 289 வாக்கு வேண்டும், கிடைத்தது 271. ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கும் சட்டத்தை 2027 அதிபர் தேர்தல்வரை நிறுத்திவைப்பதாக முந்தாநாள் சொன்னாரே, அதற்காகத்தான் சோஷலிஸ்டுகள் பெரும்பாலோர் கை கொடுத்தார்கள். பேரம் என்று திட்டுகிறார்கள். திட்டட்டும். பெரும்பான்மை இல்லாதவர் விட்டுக்கொடுத்து வாக்கு வாங்குவதில் எந்த இழிவும் இல்லை. இனி பட்ஜெட். 49.3 கையில் இல்லாததால் ஒவ்வொரு பிரிவுக்கும் எதிர்வரிசையில் போய்க் கேட்டாக வேண்டும். கேட்கட்டும், அதுதான் அவர் வேலை.